ஆடாத ஆட்டத்துக்குப் புள்ளி ஏது?

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மல்லாவியிலிருந்தும் துணுக்காயிலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் இந்த மாங்குளத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் பெரியோரே, தம்பி தங்கையரே, அனைவருக்கும் வணக்கம்.

கொரோனாப் பெருந்தொற்றால் இடைநின்ற தொழில்முறை உதைபந்தாட்டப் பருவத்தை முடிப்பதற்கு நேரிய வழி, எஞ்சிய ஆட்டங்களை ஆடுவதா, இருந்த புள்ளிகளைக் கணக்கிட்டு முடிவு கட்டுவதா என்பது இன்றைய வழக்கு. ஆடியே முடிக்க வேண்டும் என்னும் அணியின் இரண்டாவது பேச்சாளனாக நான் நிற்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று கருத்துகளை வைத்தார். உயிர் பெரிது என்றார். ஆளில்லாத மைதானத்தில் ஆடுவது ஆட்டமே அன்று என்றார். கணக்கு ஒருபோதும் பொய் சொல்லாது என்றார். முதலிரண்டுக்கும் பிறகு வருகிறேன். அந்த மூன்றாவதை மட்டும் இப்போதே பிடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் அவருடைய அணி முழுவதும் சாய்ந்து நிற்பது அந்தத் தூணில்தான்.

நம் ஊர்களில் நாம் பெரும்பாலும் ஆடுவது விலகல் முறைச் சுற்றுப்போட்டி. தோற்றவர் அன்றைக்கே உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி வீட்டுக்குப் போய்விடுவார். லீக் அப்படிப்பட்டதன்று. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 20 கழகங்கள். ஒவ்வொன்றும் மற்ற 19 கழகங்களையும் தன் மண்ணில் ஒருமுறையும் அவர்கள் மண்ணில் ஒருமுறையும் சந்திக்க வேண்டும். ஆக 38 ஆட்டங்கள். இந்த 38 ஆட்டங்களும் சேர்ந்ததே போட்டி. இடையில் ஒரு நாள் எடுத்த புள்ளிப் பட்டியல் முடிவின் சிறிய வடிவம் என்று எண்ணுவது, குடலைப் பருவத்தில் நிற்கும் நெல்லைப் பார்த்து, இத்தனை நாளில் இவ்வளவு வளர்ந்தது, ஆகவே தை மாதத்தில் இத்தனை மூடை என்று கணக்கெழுதி, அந்த மூடைகளை அன்றைக்கே விற்க முயல்வதைப் போன்றது. கமக்காரர் எவரும் அந்தக் கணக்கை வாங்கமாட்டார்.

கணக்கு எப்படிப் பேசியது என்பதைப் பாருங்கள். 2020இல் இங்கிலாந்தின் மூன்றாம் நிலை லீக்கை இடையில் முடித்தபோது, பெற்ற புள்ளிகளை ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஆட்டமொன்றுக்கான சராசரியைக் கொண்டு நிலைகளைத் தீர்மானித்தார்கள். விக்கம் வொண்டரர்ஸ் 34 ஆட்டங்களில் 59 புள்ளிகளோடு எட்டாம் இடத்தில் இருந்தது. பீற்றர்பரோ 35 ஆட்டங்களில் அதே 59 புள்ளிகளோடு ஆறாம் இடத்தில் இருந்தது. வகுத்து முடித்ததும் விக்கம் மூன்றாம் இடத்துக்கு ஏறியது. பீற்றர்பரோ ஏழாம் இடத்துக்கு இறங்கி, மேல்நிலைக்குப் போகும் இறுதிச் சுற்றுக்கான நான்கு இடங்களிலிருந்தும் விழுந்தது. அதற்கிடையில் ஒருவர் காலும் பந்தைத் தொடவில்லை. விக்கம் பின்னர் வெம்பிளி மைதானத்தில் ஒக்ஸ்ஃபோர்ட்டை 2-1 என்று வென்றுதான் மேலே போனது என்று எதிரணியினர் எழுந்து சொல்லக்கூடும். உண்மைதான், அந்த வெற்றி ஆடிப் பெற்றது. ஆனால் அந்த வாசலுக்கு அவர்களைக் கொண்டுபோய் விட்டது வகுத்தல் கணக்கு. அதே லீக்கின் அடிமட்டத்தில் ட்ரான்மியர் ரோவர்ஸ், தனக்கு மேலே நின்ற விம்பிள்டனைவிட மூன்று புள்ளிகள் பின்தங்கியும் ஓர் ஆட்டம் குறைவாக ஆடியும் நின்றது. அந்த ஓர் ஆட்டத்தை வென்றிருந்தால் புள்ளிகள் சமம். அந்த ஆட்டம் நடக்கவேயில்லை. ட்ரான்மியர் கீழே தள்ளப்பட்டது. இதில் யார் பொய் சொன்னது, நடுவர் அவர்களே? கூட்டலும் வகுத்தலும் சரிதான். கேட்ட கேள்வி பிழை.

இனி, ஆடி முடித்த இடத்தில் என்ன நடந்தது என்று பார்ப்போம். ஆர்சனல் பயிற்சியாளர் ஆர்டெட்டாவுக்குத் தொற்று உறுதியான மறுநாள், 2020 மார்ச் 13ஆம் திகதி, பிரீமியர் லீக் நின்றது. எஞ்சியவை 92 ஆட்டங்கள். அப்போது அஸ்டன் வில்லா 28 ஆட்டங்களில் 25 புள்ளிகளோடு 19ஆம் இடத்தில் கிடந்தது. கடைசி மூன்று கழகங்களும் தரமிறக்கப்படும். வில்லாவுக்கு மேலே போர்ண்மவுத், வொட்ஃபோர்ட், வெஸ்ட் ஹாம் மூன்றும் 29 ஆட்டங்களில் தலா 27 புள்ளிகள். எதிரணியின் சராசரிக் கணக்கைப் போட்டால் வில்லாவுக்கு 0.89, மற்ற மூவருக்கும் 0.93. அன்றைக்கே தீர்ப்பெழுதியிருந்தால் வில்லா வெளியே போயிருக்கும். ஆனால் ஜூன் 17ஆம் திகதி பந்து மீண்டும் உருண்டது. கடைசி நான்கு ஆட்டங்களில் வில்லா எட்டுப் புள்ளிகளை எடுத்தது, ஆர்சனலையும் வென்றது. ஜூலை 26ஆம் திகதி பருவம் முடிந்தபோது வில்லாவுக்கு 35, போர்ண்மவுத்துக்கும் வொட்ஃபோர்ட்டுக்கும் தலா 34. கணக்கு சாகடித்திருக்கும் ஒரு கழகம் ஆடிப் பிழைத்தது.

இந்த இடத்தில் எதிரணித் தலைவர் சிரிப்பது தெரிகிறது. அவர் மனத்தில் இருப்பது எதுவென்று எனக்குத் தெரியும். அவர் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். மீண்டும் தொடங்கிய அந்த முதல் நாளில், வில்லாவின் சொந்த மைதானத்தில், ஷெஃபீல்ட் யுனைட்டட் வீரர் ஒருவர் அடித்த சுயாதீன உதை உயர்ந்து வந்தது. வில்லாவின் கோல் காப்பாளர் பந்தைப் பிடித்தவாறே பின்னால் சாய்ந்து, கோல் கம்பத்தின் பக்க வலைக்குள்ளேயே போய்விட்டார். பந்து கோட்டைத் தாண்டியது பார்த்தவர் எல்லோருக்கும் தெரிந்தது. கோல் விழுந்தால் மத்தியஸ்தரின் கைக்கடிகாரம் அதிர வேண்டும், அது அதிரவில்லை. அவர் கையை உயர்த்திக் கடிகாரத்தைக் காட்டினார். கோட்டைக் கவனிக்கும் ஏழு கமராக்களையும் வீரர்களின் உடல்களும் கம்பமும் மறைத்திருந்தன என்றும், 9,000க்கு மேற்பட்ட ஆட்டங்களில் இப்படி நேர்ந்ததே இல்லை என்றும் அந்தக் கருவியை இயக்கும் நிறுவனம் பின்னர் வருத்தம் தெரிவித்தது. ஆட்டம் 0-0. வில்லா தப்பியதோ ஒரேயொரு புள்ளியால்.

ஆகவே ஆடினாலும் அநீதி வரும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு அநீதிகளும் ஒரே எடையா? அந்த கோல் மறுக்கப்பட்டது 42ஆவது நிமிடத்தில். இரண்டாம் பாதி முழுவதும் ஷெஃபீல்டின் முன்னால் கிடந்தது. போர்ண்மவுத்துக்கும் வொட்ஃபோர்ட்டுக்கும் அதற்குப் பிறகு ஒன்பது ஆட்டங்கள் வீதம் இருந்தன. ஆட்டத்தில் நேர்ந்த பிழைக்கு மறுநாள் உண்டு, மறு ஆட்டம் உண்டு, ஈடுசெய்ய ஒரு வழியாவது உண்டு. அலுவலகத்து மேசையில் செய்த வகுத்தலுக்கு அந்த மறுநாள் இல்லை.

என் சொந்தக் கதை ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் எங்கள் ஊர்க் கழகத்தில் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரனாக ஆடிய காலம். ஒரு கார்த்திகை மாதத்து அரையிறுதி. நாங்கள் 1-0 என்று முன்னிலையில் இருந்தோம். முடிவதற்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. மழை பிடித்துக்கொண்டது. எங்கள் கோல் வாயிலில் முழங்கால் மறையுமளவுக்குச் செம்மண் தண்ணீர் நின்றது; எதிர்த்து ஆடியவர்கள் அடித்த பந்து அதில் விழுந்து, உருளாமல், குத்திய இடத்திலேயே நின்றது. ஏற்பாட்டாளர்கள் கூடிப் பேசி, முன்னிலையில் நின்றவர் வென்றவர் என்று அறிவித்தார்கள். நாங்கள் இறுதிக்குப் போய்க் கிண்ணத்தையும் வென்றோம். அந்தக் கிண்ணம் இன்றும் எங்கள் கழக அலுமாரியில் இருக்கிறது. முறிகண்டிப் பிள்ளையாரடியில் கச்சான் வாங்க இறங்கும் போதெல்லாம் அன்று தோற்ற ஊர்க்காரர் எவராவது என்னைக் காண்பார், "மழை வெண்ட கிண்ணம் சுகமா இருக்கோ அண்ணை?" என்று கேட்பார். நடுவர் அவர்களே, நான் வென்ற பக்கத்தில் நின்றவன். எனக்கே இன்னும் வாயடைத்துப் போகிறது.

உயிர் பெரிது என்பதற்கு வருகிறேன். வன்னியில் நின்றுகொண்டு அதை எங்களுக்கு ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நோய் உச்சத்தில் இருந்த மார்ச்சிலோ ஏப்ரலிலோ ஆடியிருக்க வேண்டும் என்று எங்கள் அணியில் யாரும் பேசவில்லை. காத்திருந்து ஆடு என்பதே எங்கள் வாதம். ஜெர்மனியின் பன்டஸ்லீகா இரண்டு மாதம் காத்திருந்து மே 16ஆம் திகதி தொடங்கியது. வீரர்களுக்குத் தொடர்ச்சியான பரிசோதனை, மைதானத்துக்குள் ஏறத்தாழ முந்நூறு பேருக்கே அனுமதி, மாற்று வீரர்கள் முகக்கவசத்தோடு இடைவெளிவிட்டு இருக்கைகளில், கோல் அடித்தவனைக் கட்டியணைக்காமல் முழங்கையால் ஓர் இடி. இங்கிலாந்தில் மே மாதத்து முதற் பரிசோதனையில் 748 பேரில் ஆறு பேருக்குத் தொற்று இருந்தது, அவர்களைத் தனிமைப்படுத்தினார்கள். வொட்ஃபோர்ட் அணித்தலைவர் டீனி, சுவாசச் சிக்கல் இருந்த தன் கைக்குழந்தையை எண்ணித் தொடக்கத்தில் பயிற்சிக்கு வரவில்லை. அவரை யாரும் இழுத்து வரவுமில்லை. 92 ஆட்டங்களும் 40 நாட்களில் நடந்து முடிந்தன. தொலைக்காட்சிப் பணத்துக்காகத்தான் ஆடினார்கள் என்று எதிரணி சொல்லும். பணமும் ஒரு காரணம்தான், மறுக்க நான் யார்? காரணம் எதுவாயினும் முடிவு மைதானத்தில் கிடைத்தது.

பிரான்ஸ் என்ன செய்தது? ஏப்ரல் 28ஆம் திகதி பிரதமர் பருவம் தொடராது என்று அறிவித்தார். இரண்டு நாளில் லீக் பட்டியலை மூடிற்று. பத்துச் சுற்றுகள் எஞ்சியிருந்தன. லியோன் கழகம் ஏழாம் இடத்தில் உறைந்து, அடுத்த பருவத்து ஐரோப்பியப் போட்டிகளுக்கான இடத்தை இழந்தது. அதே லியோன் ஓகஸ்ட் மாதத்தில் ஜுவென்டஸை வெளியேற்றி, லிஸ்பனில் மன்செஸ்டர் சிற்றியை 3-1 என்று வீழ்த்தி, ஐரோப்பியக் கழகங்களின் சம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் நின்றது. பாரிஸ் கழகமோ இறுதியாட்டம் வரை போனது. இனி ஆட முடியாது என்று மூடிய ஒரு லீக்கின் இரண்டு கழகங்கள், ஐரோப்பாவின் கடைசி நான்கில்! இன்னும் ஒரு மாதம் பொறுத்திருக்கலாம் என்பதற்கு நான் வேறு சாட்சி தேட வேண்டியதில்லை.

ஆளில்லா மைதானம் குறித்து ஒரு வார்த்தை போதும். சொந்த மண்ணின் வலு அங்கே குறைந்தது உண்மை. ஆனால் அந்தக் குறை எல்லாக் கழகங்களுக்கும் பொதுவாக விழுந்தது.

என் பக்கத்திலும் ஒரு கறை உண்டு. மறைத்தால் நான் வழக்கறிஞனே ஒழியப் பேச்சாளன் அல்லன். ஜெர்மனியின் இரண்டாம் நிலையில் டைனமோ டிரெஸ்டன் அணியில் தொற்றுக் கண்டதால், கழகம் முழுவதும் இரண்டு வாரம் தனிமைப்படுத்தப்பட்டது. மற்றவர்கள் ஆடத் தொடங்கிய பிறகு வந்து, ஒரு மாதத்துக்குள் ஒன்பது ஆட்டங்களை ஆடி, கடைசி இடத்தில் முடித்துத் தரமிறங்கியது. அது அநியாயம். ஆனால் அந்த அநியாயத்தைச் செய்தது ஆட்டமன்று, நாட்காட்டி. ஜூன் இறுதிக்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். ஜூனோடு முடியும் வீரர் ஒப்பந்தங்களை நீட்டலாம் என்று ஃபிஃபாவே வழிகாட்டியது. இத்தாலி ஓகஸ்ட் 2 வரை ஆடியது. குறைக்க வேண்டியது ஆட்டத்தை அன்று, அவசரத்தை.

பரிசோதனைக்குக்கூடப் பணமில்லாத சிறு கழகங்கள் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். நெதர்லாந்து தன் லீக்கை நிறுத்தியபோது சம்பியனும் இல்லை, தரமிறக்கமும் இல்லை என்றது. அயாக்ஸும் ஏ.இசட். கழகமும் தலா 56 புள்ளிகளோடு நின்றன. கிண்ணம் எவருக்கும் போகவில்லை. ஆடாததற்குப் பட்டம் கொடுக்காத அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் இரண்டாம் நிலையில் மூன்றாம் இடத்தைவிட 11 புள்ளி முன்னிலையோடு மேலே போகக் காத்திருந்த கம்பூர் கழகம் அதனால் அங்கேயே கிடந்தது. நிறுத்துவது என்று தீர்மானித்த கணத்திலேயே யாரோ ஒருவரின் உழைப்பு பறிபோகிறது; எவருடையது என்பதை மட்டுமே சூத்திரம் தெரிவு செய்கிறது.

இந்தச் சபையில் பரீட்சை எழுதிய பிள்ளைகள் இருக்கிறார்கள். 2020இல் இங்கிலாந்து உயர்தரப் பரீட்சையை நிறுத்தி, ஒரு சூத்திரத்தால் பெறுபேறு கொடுத்தது. ஆசிரியர் மதிப்பீடுகளில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு குறைக்கப்பட்டு, மாணவர்கள் தெருவில் இறங்க, சில நாட்களில் அந்தச் சூத்திரமே கைவிடப்பட்டது. நம் நாட்டில் அதே ஆண்டின் உயர்தரம் ஓகஸ்டிலிருந்து ஒக்டோபருக்குத் தள்ளி நடத்தப்பட்டது. 2009இல் செட்டிகுளத்து முகாம்களுக்குள் இருந்து பரீட்சை எழுதியவர்கள் இங்கே இருக்கக்கூடும். அவர்களிடம் போய், உங்கள் தவணைப் புள்ளிகளின் சராசரியைத் தருகிறோம், எழுத வேண்டாம் என்று யாராவது சொல்லியிருந்தால், அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை அவர்களே சொல்லட்டும்.

மணி அடிக்கிறது, நடுவர் அவர்களே, ஒன்றே ஒன்று. காத்திருந்து ஆடுவது கொரோனாக் காலத்துக் கண்டுபிடிப்பு அன்று. 1939 செப்டெம்பரில் போர் மூண்டபோது இங்கிலாந்து லீக் மூன்று சுற்றுகளோடு நின்றது. மூன்றையும் வென்று பிளக்பூல் முதலிடத்தில் இருந்தது. அவர்களுக்குக் கிண்ணம் கொடுக்க எவரும் நினைக்கவில்லை. 1946இல் லீக் மீண்டும் தொடங்கியபோது, 1939இல் கைவிட்ட அதே ஆட்ட அட்டவணையை எடுத்து முதலிலிருந்து ஆடினார்கள். அந்தப் பருவத்திலும் கடுங்குளிர் வந்து ஆட்டங்களைத் தின்றது. மே மாதம் போதவில்லை. லிவர்பூல் தன் கடைசி ஆட்டத்தை வென்று முதலிடத்தில் ஏறிய பிறகும் இரண்டு வாரம் காத்திருந்தது. ஏனென்றால் ஸ்டோக் சிற்றிக்கு இன்னும் ஓர் ஆட்டம் இருந்தது, அதை வென்றால் ஸ்டோக்தான் சம்பியன். ஜூன் 14ஆம் திகதி ஸ்டோக் ஷெஃபீல்டுக்குப் போய் ஆடி, 1-2 என்று தோற்றது. லிவர்பூலுக்குக் கிண்ணம் போனது அன்று மாலைதான்.

நன்றி, வணக்கம்.