நாய் சாக்லேட் தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுக்கலாமா?

அடுத்த கேள்வி. "எங்கள் நாய் 10 கிலோ எடை. மேசையில் இருந்த டார்க் சாக்லேட்டைத் தின்றுவிட்டது. இப்போதைக்கு நன்றாகத்தான் விளையாடுகிறது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். வாந்தி வராமல் உப்பு உள்ளேயே தங்கிவிட்டால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரும், உயிரே போகலாம். தொண்டைக்குள் விரலை விடுவது, பால், எண்ணெய் ஊற்றுவது இதெல்லாமும் கூடாது. ஊற்றியது நுரையீரலுக்குள் போய்விட்டால் அது தனி ஆபத்து.

நன்றாக விளையாடுகிறது என்பதை நம்பிக் காத்திருக்காதீர்கள். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் என்ற நச்சுப் பொருளை நாயின் உடல் மிக மெதுவாகத்தான் வெளியேற்றும். பாதி குறையவே சுமார் 17 மணி நேரம் ஆகும். அறிகுறி தெரியவும் சில மணி நேரம் ஆகலாம். முதலில் வாந்தி, பேதி, ஒரு இடத்தில் நிற்காத பரபரப்பு. அளவு கூடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், வலிப்பும் வரும். பால் சாக்லேட்டைவிட டார்க் சாக்லேட் பல மடங்கு கடுமை. உங்கள் நாயின் எடைக்கு 40 கிராம் டார்க் சாக்லேட்டே தொந்தரவு கொடுக்கப் போதும்.

அதனால் உடனே கால்நடை மருத்துவருக்கு போன் செய்யுங்கள். என்ன தின்றது, எவ்வளவு, எப்போது, நாயின் எடை என்ன, இந்த நான்கையும் சொல்லுங்கள். தின்று இரண்டு மணி நேரத்துக்குள் போனால் பெரும்பாலும் ஊசி போட்டே வாந்தி எடுக்க வைப்பார்கள். அதுவும் எல்லா நாய்க்கும் சரிவராது. மயக்கமாகவோ வலிப்போடோ இருந்தால் செய்யவே கூடாது. அந்த முடிவை அவரிடம் விட்டுவிடுங்கள்.

சாக்லேட்டைப் பற்றிப் பலருக்கும் தெரியும். எனக்கு அதைவிடப் பயம் சைலிட்டால் என்ற இனிப்பூட்டிதான். சர்க்கரை இல்லாத சூயிங்கம், மிட்டாய், சில பற்பசை, சில வேர்க்கடலை வெண்ணெய் இவற்றில் இருக்கும். நாயின் உடலில் இது இன்சுலினைச் சட்டென்று கொட்டவைக்கும். அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை இறங்கி நாய் தள்ளாடும், சுருண்டு விழும். அளவு அதிகமானால் கல்லீரலும் கெடும். லேபிளைப் படிக்காமல் எதையும் ஊட்டாதீர்கள்.

திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். எத்தனை தின்றால் ஆபத்து என்று கணக்கே சொல்ல முடியாது. அதனால் கொஞ்சமாகத் தின்றிருந்தாலும் போன் செய்யுங்கள். வெங்காயம், பூண்டு வேறு விதம். அவை ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், சோர்வும் வெளுத்த ஈறும் சில நாள் கழித்துத்தான் தெரியும். சமைத்தாலும் நச்சு போகாது.

சரி, உங்கள் நாய்க்கு வருகிறேன். பதிலுக்காகக் காத்திருக்காமல் ஏற்கெனவே கிளம்பியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் இப்போதே கிளம்புங்கள். சாக்லேட் உறையைத் தூக்கிப் போட்டுவிடாமல் கையோடு எடுத்துப் போங்கள், எத்தனை சதவீதக் கோக்கோ என்று மருத்துவர் பார்க்கட்டும். வீடு திரும்பிய பிறகு அடிக்கடி சிறுநீர் கழிக்க வெளியே கூட்டிப் போங்கள். தியோபுரோமின் சிறுநீர்ப்பையிலிருந்து மறுபடி ரத்தத்தில் கலக்கும்.