கையெழுத்து வாங்கியாயிற்றா?

(சட்ட மாணவர்களிடையே ஆற்றிய உரை)

நண்பர்களே, வயது வந்தோருக்கான பாலியல் படங்களைப் பற்றி மேடையில் பேசுவதா என்று முன்வரிசையில் ஒருவர் முகம் சுளித்ததைக் கவனித்தேன். கவலைப்படாதீர்கள். படத்தைப் பற்றி அல்ல, தயாரிப்பாளர் வைத்திருக்கும் காகிதங்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அவர் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான்.

அமெரிக்கக் கூட்டாட்சிக் குற்றவியல் சட்டத்தில் 2257 என்றொரு பிரிவு, 1988இல் வந்தது. இப்படிப்பட்ட படங்களில் நடிப்பவர் சிறார் அல்ல என்று உறுதிசெய்ய, அவருடைய அடையாள அட்டையைத் தயாரிப்பாளர் வாங்கிப் பார்த்து, பிறந்த தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும். இயற்பெயர், திரைப்பெயர், பட்டப்பெயர் எல்லாம் ஏட்டில் ஏற வேண்டும். அந்த ஏடு எங்கே இருக்கிறது என்ற அறிவிப்பு ஒவ்வொரு பிரதியிலும் இருக்க வேண்டும். நடித்தவருக்கு நாற்பது வயதானாலும் விலக்கில்லை. ஏடு இல்லாததே குற்றம். முதல் முறையே ஐந்தாண்டு வரை சிறை கிடைக்கலாம். ஆளைப் பார்த்தாலே தெரியாதா என்ற வாதம் எடுபடாது.

நடிகர்களுக்குச் சம்பளம் கொடுத்ததையே விபசாரத்துக்கு ஆள் சேர்த்ததாகக் கருதி ஒரு தயாரிப்பாளரைத் தண்டித்ததும் உண்டு. கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1988இல் அதை ரத்து செய்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு அந்த மாநிலத்துக்குத்தான்.

அடுத்தது ஆபாசக் குற்றம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973இல் தந்த மில்லர் தீர்ப்பின்படி, எது ஆபாசம் என்பதற்கு உள்ளூர் மக்களின் அளவுகோலும் உண்டு. கலிபோர்னியாவில் இயங்கிய ஒரு தயாரிப்பாளரின் பட வட்டுகள் (டிவிடிகள்) தபாலில் புளோரிடாவின் டாம்பா நகருக்குப் போயின. வழக்கும் அங்கேயே நடந்தது. 2008இல் அவருக்கு 46 மாதச் சிறை. எங்கே படம் எடுத்தோம் என்பதைவிட எங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் அவரைக் கவிழ்த்தது. இது நியாயமா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில், இப்படிப்பட்ட படங்களை வெளியிட்ட ஓர் இணையதளத்தை நடத்தியவர்கள் மீது வந்த வழக்கில் எனக்கு அந்தச் சந்தேகம் துளியும் இல்லை. இணையத்தில் வராது, வெளிநாட்டில் வட்டாக மட்டுமே விற்போம் என்று இளம்பெண்களிடம் சொன்னார்கள். ஒப்பந்தத்தை நிதானமாகப் படிக்கக்கூட விடாமல் அவசரப்படுத்திக் கையெழுத்து வாங்கினார்கள்; அதில் இணையதளத்தின் பெயரே இல்லை. காகிதம் கச்சிதமாகத்தான் இருந்தது. வழக்குத் தொடுத்த 22 பெண்களுக்கு ஒரு கோடியே இருபது லட்சம் டாலருக்கும் மேல் இழப்பீடு தரச் சொல்லி 2020 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. தனியாக நடந்த குற்ற வழக்கில், பெண்களைப் பேசி அழைத்துவந்து தானும் உடன் நடித்தவருக்கு 2021இல் 20 ஆண்டுச் சிறை. ஏமாற்றி வாங்கிய அந்தக் கையெழுத்துகள் செல்லாமல் போக, தாங்கள் இடம்பெற்ற படங்களின் உரிமையும் அந்தப் பெண்களுக்கே போனது.