தப்பு யார் மேல?

நேயர்களுக்கு வணக்கம்.

நான் தர்மபுரியில் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்துகிற வக்கீல். சாவு வீட்டுப் பந்தலில் உட்கார்ந்தாலும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "தப்பு யார் மேல சார்?" லாரிக்காரர் மேல் என்றால் வீட்டாருக்குக் கொஞ்சம் மனசு ஆறும். "பையன் கண்மண் தெரியாம போயிருப்பான்" என்று யாராவது சொல்லிவிட்டால், பேச்சு அத்தோடு சரி. இப்படி ஆளைத் தேடுவதிலேயே இன்னொரு கேள்வி அடிபட்டுப் போகிறது. வண்டிகள் ஏன் மோதின என்பது ஒன்று. மோதியதில் உயிர் ஏன் போனது என்பது வேறொன்று. முதலாவதற்கு லாரி டிரைவர் காரணமாக இருக்கலாம். இரண்டாவதற்கு, பட்டையை மாட்டாமல் தலையில் சும்மா கவிழ்த்திருந்த ஹெல்மெட் காரணமாக இருக்கலாம்.

விபத்து என்றதும் நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தொப்பூர் கணவாய்தான் நினைவுக்கு வரும். தர்மபுரிப் பக்கமிருந்து சேலம் நோக்கி இறங்கும் நீளமான இறக்கம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற லாரி, பிரேக்கையே மிதித்து மிதித்து, சூடேறி, கடைசியில் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிற வண்டிகள் மேல் ஏறுகிறது. அந்த லாரிக்கு முன்னால் ஹெல்மெட் என்ன செய்யும் என்று கேட்பார்கள். பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

ஆனால் என் அலுவலகத்தில் அடுக்கியிருக்கும் கேஸ் கட்டுகளில் தொப்பூர் கொஞ்சம்தான். மற்றவை பேப்பரில் நாலு வரியில் முடிகிற விபத்துகள். யூ டர்ன் தூரமாக இருக்கிறது என்று சர்வீஸ் ரோட்டில் ராங் சைடில் பால் கேனோடு வந்த மொபெட். காரிமங்கலம் பக்கம் ராத்திரியில் ரிஃப்ளெக்டர் இல்லாமல் ஓரங்கட்டி நின்ற லாரியின் பின்னால் போய்ச் செருகிய பைக். நேராக வந்துகொண்டிருந்த பைக்குக்குக் குறுக்கே வலது பக்கம் திரும்பிய கார்.

இந்தக் கடைசி ரகத்தில் கார்க்காரர்கள் போலீசிடம் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்குமூலம்: "வண்டி வந்ததையே பார்க்கலீங்க." பொய் என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் 900 பைக் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-இல் ஒரு அறிக்கை வந்தது. பைக்கும் வேறொரு வாகனமும் மோதிய விபத்துகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கில், பைக்குக்கு உரிய வழியை மற்ற வண்டிதான் மறித்திருந்தது. பைக்கைக் கவனிக்காமல் விட்டதுதான் அங்கேயும் பெரிய காரணம். ஐரோப்பாவில் 2004-இல் வந்த ஆய்வு 921 விபத்துகளைப் பார்த்தது. பாதியில் முதன்மைக் காரணம் மற்ற வண்டியை ஓட்டியவர். சுமார் 37 சதவீதத்தில் பைக் ஓட்டியவர். இந்தக் கணக்கு நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே யாரும் ராங் சைடில் பால் கேன் கொண்டு போவதில்லை.

சரி, உயிர் போன காரணத்துக்கு வருகிறேன். 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் மட்டும் 50,000-க்கு மேல். அதில் 14,000-க்கும் அதிகமானவர்கள் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். ஹெல்மெட் போட்டிருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று அர்த்தமில்லை. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் சொல்வது, ஹெல்மெட் சாவின் வாய்ப்பைச் சுமார் 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்பது. "மெதுவாத்தானே போறேன்" என்பவர்களுக்கு ஒரு கணக்கு: நிற்கிற வண்டியிலிருந்து பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாலே, தலை தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர்.

என் மேசையில் ஒரு ஹெல்மெட் இருக்கிறது. முடிந்துபோன ஒரு வழக்கில், பிழைத்தவரே கொடுத்துவிட்டுப் போனது. வெளி ஓட்டில் ஒரு கீறல், அவ்வளவுதான். உள்துணியை விலக்கினால் காதுக்கு மேலே தெர்மோகோல் கட்டைவிரல் பதிகிற அளவுக்கு அமுங்கியிருக்கிறது. அடியை வாங்கியது அந்தத் தெர்மோகோல்தான். ஒரு தடவை அமுங்கியது மறுபடி எழும்பாது. துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற தர எண்ணும் இல்லாத ஹெல்மெட்டை விற்பதே 2021 ஜூன் முதல் குற்றம். ஆனாலும் ரோட்டோரத்தில் குவித்து விற்கிறார்கள், போலி ஸ்டிக்கர் ஒட்டி. உள்ளே விரலை விட்டுப் பாருங்கள், வெறும் ஸ்பாஞ்சாக இருந்தால் அது போலீசுக்குக் காட்டத்தான் ஆகும்.

சனி ஞாயிறுகளில் பெங்களூருவிலிருந்து ஜாக்கெட், கையுறை, பூட்ஸ் எல்லாம் போட்டு ஒகேனக்கல் வருகிற பையன்களை நம் ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். வெயிலில் அந்த ஜாக்கெட் நமக்கு ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விழும்போது முதலில் ஊன்றுவது உள்ளங்கை. தறியிலும் தோட்டத்திலும் பிழைக்கிறவருக்கு அந்தக் கைதான் சோறு. ஒரு ஜோடி கையுறை, செருப்புக்குப் பதில் ஷூ, பெண்கள் உட்காரும் பக்கம் சேலை கார்டு. இதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அப்புறம் சட்டம். நீதிமன்றம் தப்பை ஒரே ஆள் தலையில் கட்டுவதில்லை, பங்கு பிரிக்கும். 70-க்கு 30, பாதிக்குப் பாதி என்று தீர்ப்பு வரும். டிரிபிள்ஸ் போன ஒரு வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறினார் என்பதற்காக மட்டும் இழப்பீட்டைக் குறைக்க முடியாது, அந்த மீறல் விபத்துக்கோ அடியின் தீவிரத்துக்கோ காரணமானதா என்று பார்க்க வேண்டும் என்றது. நான் ஆரம்பத்தில் பிரித்த இரண்டு கேள்விகளும் அதற்குள் இருக்கின்றன. பின்னால் உட்கார்ந்து வந்தவர் மேல் ஓட்டியவரின் தப்பை ஏற்ற முடியாது. இரண்டு வண்டி மேலும் தப்பு இருந்தால், முழு இழப்பீட்டையும் எந்த ஒரு தரப்பிடமும் அவர் கேட்கலாம். உச்ச நீதிமன்றத்தின் 2015 தீர்ப்பு அது.

நாய் குறுக்கே வந்து, ஜல்லி சறுக்கித் தானாக விழுந்து இறந்தால், நம் வண்டியால் அடிபடுகிற மற்றவர்களுக்கான வெறும் மூன்றாம் நபர் காப்பீடு அந்தக் குடும்பத்துக்கு உதவாது. ஓட்டுகிற உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடுதான் உதவும். வண்டி அவர் பெயரில் இருக்க வேண்டும், லைசென்ஸ் இருக்க வேண்டும். நம் ஊரில் பாதி பைக் மாமன் பெயரிலோ, விற்றுவிட்டுப் போனவர் பெயரிலோ ஓடுகிறது. இந்த இடத்தில்தான் புரோக்கர் நுழைவார்: "ஏதோ ஒரு வண்டி மோதினதா காட்டிக்கலாம் அண்ணே." அது மோசடி. மாட்டினால் பணமும் வராது, சாட்சி சொன்ன சொந்தக்காரரும் சேர்ந்து உள்ளே போவார்.

நிஜமாகவே இன்னொரு வண்டி மோதியிருந்தாலும், இறந்தவரால் எதையும் சொல்ல முடியாது. பல நேரம் எதிர்த்தரப்பு சொல்வதுதான் எஃப்.ஐ.ஆர். ஆகும். எஃப்.ஐ.ஆர். முடிவான சாட்சியம் இல்லைதான். ஆனால் அதை உடைக்க வேறு சாட்சியம் வேண்டும். டீக்கடையில் நின்று பார்த்தவர் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே என்று நழுவிவிடுகிறார். அடிபட்டவருக்கு உதவியவரைப் பெயர் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவும் அதன் விதிகளும் பாதுகாப்புத் தருகின்றன. அவராக விரும்பினால் சாட்சி சொல்லலாம்.

குடும்பம் கருமாதி முடித்து என்னிடம் வரும்போது, பெட்ரோல் பங்க் கேமராவில் அந்த நாளின் பதிவு மேல் புதுப் பதிவு ஏறியிருக்கும். டயர் தேய்ந்த தடத்தை மழையோ மற்ற வண்டிகளோ அழித்திருக்கும். அதனால் வீட்டாரை விடுங்கள், அவர்களால் அப்போது முடியாது. ஒரு பங்காளியோ சிநேகிதனோ மறுநாளே அந்த இடத்துக்குப் போய் நாலு பக்கமும் போட்டோ எடுத்து, கேமரா எங்கே இருக்கிறது என்று குறித்து, அந்தப் பதிவைக் கைப்பற்றச் சொல்லி ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிவிட வேண்டும். ஹெல்மெட் கிடந்தால் அதன் பட்டை பூட்டியிருந்ததா, அவிழ்ந்திருந்ததா என்று தெரிகிற மாதிரி ஒரு படம். பிறகு அந்த ஹெல்மெட்டையும் போலீசிடமே ஒப்படைத்து, கைப்பற்றிய பொருள்களை அவர்கள் எழுதுகிற மகஜரில் ஏறுகிறதா என்று பாருங்கள்.

நன்றி, வணக்கம்.