தண்ணீர்க் குவளையை எறிந்தது பால்ட்வின். போலீஸைத் திசைதிருப்பியது யார்?

[திரையில்: இருட்டுத் தெரு, தூரத்தில் ஒரே ஒரு ஹோட்டல் வெளிச்சம்]

வணக்கம் நண்பர்களே. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்து ட்ரெண்டன் நகரம், ராத்திரி நேரம். 18 வயதுக் கறுப்பினப் பையன் ஒருவன் பளபளவென்று விளக்கெரியும் பெரிய ஹோட்டலுக்குள் நுழைந்து, இரண்டு பேர் உட்காரும் மேசையில் தனியாகப் போய் உட்காருகிறான். பரிமாறும் பெண் வருகிறாள், வரும்போதே அவள் முகத்தில் பயம். "இங்கே நீக்ரோக்களுக்குப் பரிமாறுவதில்லை" என்கிறாள். அவன் காதில் விழாததுபோல நடிக்கிறான், அவள் இன்னும் ஓரடி கிட்டே வரட்டும் என்று. மேசையில் இருந்தது பாதித் தண்ணீரோடு ஒரு குவளை மட்டும்தான். அதை எடுத்து இருந்த பலத்தையெல்லாம் கூட்டி எறிகிறான். அவள் குனிந்துவிட்டாள். பின்னால் இருந்த பெரிய முகம் பார்க்கும் கண்ணாடி சுக்குநூறு.

அந்தப் பையன்தான் பின்னாளில் புகழ்பெற்ற அமெரிக்க எழுத்தாளரான ஜேம்ஸ் பால்ட்வின். இந்தச் சம்பவத்தை அவரே 1955-ல் வந்த கட்டுரைத் தொகுப்பில் எழுதியிருக்கிறார். எல்லோரும் அந்தக் குவளையைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கோ ஹோட்டலுக்கு வெளியே நின்றவன்மேல்தான் கண். அவனைப் பற்றிச் சொல்லத்தான் இந்த வீடியோ, கடைசி வரைக்கும் இருங்கள்.

வாழ்க்கைக் குறிப்பைச் சட்டென்று முடித்துவிடுகிறேன்: 1924-ல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறப்பு, ஒன்பது பிள்ளைகளில் மூத்தவர், வளர்ப்புத் தந்தை சபைப் போதகர், 14 வயதில் இவரும் பிரசங்க மேடை ஏறினார், 1948-ல் பாரிஸ் போனார், 1987-ல் பிரான்ஸிலேயே இறந்தார். போதும்.

இப்போது நியூ ஜெர்சிக்குத் திரும்புவோம். போர்க்காலத் தொழிற்சாலை வேலைக்காக அங்கே போனவர், பிரின்ஸ்டனில் ஒரு செல்ஃப் சர்வீஸ் ஹோட்டலுக்கு மூன்று தடவை போய் ஹாம்பர்கரும் காபியும் கேட்டு, வந்ததை எடுத்துச் சாப்பிட்டிருக்கிறார். நான்காவது தடவைதான் தெரிகிறது, அந்த மூன்று தடவையும் அவருக்கு யாரும் எதையும் வைக்கவே இல்லை, அங்கே இருந்ததை அவராகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்! அங்கே இருந்த ஒரே கறுப்பர் தான் மட்டுமே என்பதை அவராகவே புரிந்துகொள்ளட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்களாம். இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒருத்தர் சத்தம்கூடப் போடவில்லை பாருங்கள்.

[திரையில்: சினிமா கொட்டகை வாசல், இரண்டு நிழல்கள்]

அப்புறம் நியூ ஜெர்சியில் கடைசி ராத்திரி. நியூயார்க்கிலிருந்து வந்திருந்த வெள்ளைக்கார நண்பனோடு ட்ரெண்டனில் படம் பார்த்துவிட்டு, இரண்டு பேரும் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடைக்குப் போகிறார்கள். அங்கேயும் அதே பதில். வெளியே வந்ததும் பால்ட்வினுக்குள் ஏதோ அறுந்துபோகிறது, தெருவில் எதிரே வருகிற அத்தனை பேரும் வெள்ளையாகத் தெரிகிறார்கள், நண்பன் பின்னால் ஓடிவந்து கூப்பிடக் கூப்பிட நிற்காமல் நடந்துபோய் அந்தப் பளபள ஹோட்டலுக்குள் நுழைகிறார். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

கண்ணாடி உடைந்ததும் வாசலில் ஒருத்தன் அவர் பிடரியைப் பிடித்து அடிக்க, உதைத்துத் திமிறி வெளியே வந்தால், அங்கே நிற்கிற நண்பன் கிசுகிசுக்கிறான்: "ஓடு!" பால்ட்வின் ஓடுகிறார். நண்பன் ஓடவில்லை. துரத்தி வந்தவர்களையும் போலீஸையும் வேறு திசையில் அனுப்பிவைக்கும் வரை அங்கேயே நிற்கிறான். அவனை நம்பினார்களே, ஏன்? அவன் வெள்ளைக்காரன். பால்ட்வினுக்கு ஒரு காபிகூடக் கிடைக்க விடாத அதே நிறம்தான் அந்த ராத்திரி பால்ட்வினைக் காப்பாற்றவும் செய்தது. இதைவிடக் கூர்மையாக நிறத்தையும் நட்பையும் ஒரே காட்சியில் எழுதியவர் யாரையும் நான் படித்ததில்லை. அந்த நண்பனுக்குக் கட்டுரையில் பெயர்கூட இல்லை.

தான் கொல்லப்பட்டிருக்கலாம், அதோடு தானும் கொல்லத் தயாராக இருந்தோம், இந்த இரண்டையும் அவரால் கடந்துபோகவே முடியவில்லை. ஆபத்து மற்றவர்கள் செய்யக்கூடியதில் இல்லை, தன் நெஞ்சில் சுமக்கிற வெறுப்பில்தான் இருக்கிறது என்று எழுதுகிறார். குவளையை எறிந்தவரே இதைச் சொல்வதால்தான் நான் நம்புகிறேன்.

இன்னொரு நண்பன், பள்ளிக்கூடத்து நண்பன், யூதன். வீட்டுக்கு வந்து போனதும் அப்பா கேட்கிறார், "அவன் கிறிஸ்தவனா?" இரட்சிக்கப்பட்டவனா என்று அர்த்தம். "இல்லை, யூதன்" என்றதும் கன்னத்தில் ஓர் அறை. இத்தனைக்கும் மகன் அப்போது பிரசங்கம் செய்கிறவன்! அந்த நொடியில் அவர் நினைப்பு ஜெர்மனிக்குப் போகிறது, அங்கே இருந்திருந்தால் தன் நண்பனும் நெருப்புச் சூளைக்குப் போயிருக்கலாமே என்று. "உங்களைவிட அவன் நல்ல கிறிஸ்தவன்" என்று சொல்லிவிட்டு வீட்டைவிட்டு வெளியே நடக்கிறார். 1962-ல் நியூயார்க்கர் பத்திரிகையில் வந்த நீண்ட கட்டுரையில் இது இருக்கிறது. ஒரு கறுப்பின வீட்டுக்குள்ளேயும் 'நம்ம ஆள், வேற்று ஆள்' என்ற கோடு இருந்ததை மறைக்காமல் எழுதினாரே, அந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பெரிதாகத் தெரிகிறது.

சுவிட்சர்லாந்து கிராமம் ஒன்றில் தங்கியதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை ஒரே வரியில்: நண்பர் குடும்பத்து மலை வீட்டில் தங்கியிருக்கிறார், கிராமத்தார் அவர் தலைமுடியைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

[திரையில்: பாரிஸ், ஒரு வரவேற்பறை]

கடைசியாக நார்மன் மெய்லர். 1956-ல் பாரிஸில் சந்தித்த, யூதரான, புகழ்பெற்ற எழுத்தாளர். மறு வருஷமே, கறுப்பர்களின் ஜாஸ் உலகத்தைப் பார்த்து வாழக் கற்கும் வெள்ளை இளைஞர்களைப் பற்றி மெய்லர் ஒரு கட்டுரை எழுதினார், அது பெரிய விவாதமானது. இந்த நட்பைப் பற்றி 1961-ல் பால்ட்வின் எழுதியதில் ஒரு வரி என்னை விடவே இல்லை. இரண்டு பேரும் கறுப்பின ஜாஸ் கலைஞர்களோடு உட்கார்ந்திருப்பார்களாம். அவர்களுக்கு மெய்லரை உண்மையாகவே பிடிக்கும், ஆனால் ஒரு நிமிஷம்கூட அவரை 'ஹிப்', அதாவது அந்த உலகத்தின் போக்குத் தெரிந்தவர், என்று அவர்கள் நினைத்ததில்லை. மெய்லருக்கு அது தெரியாது. பால்ட்வினால் அதைச் சொல்லவும் முடியவில்லை.

அவர் இடத்தில் நீங்கள் இருந்தால் அந்த நண்பரிடம் சொல்லியிருப்பீர்களா? கமெண்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிக்கிறேன்.