ஹார்ட் டிஸ்க் கணினியில் காட்டவில்லையா? முதலில் காதில் வைத்துக் கேளுங்கள்

வணக்கம் நண்பர்களே. என் கையில் இருக்கிற இந்தக் கருப்பு ஹார்ட் டிஸ்க்கைப் பாருங்கள். 1 டிபி. அக்காவின் வளைகாப்பு, அப்பாவின் அறுபதாம் கல்யாணம், இரண்டு படங்களும் இதில் மட்டும்தான் இருந்தன. போன ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பில் செருகினேன். எதுவுமே வரவில்லை. எனக்கு வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டது. கடைசியில் எல்லாப் படங்களும் கிடைத்துவிட்டன. அன்றைக்கு என்ன செய்தேன் என்பதை அதே வரிசையில் காட்டுகிறேன்.

முதல் வேலை, டிஸ்க்கைக் காதருகே வைத்துக் கேளுங்கள். மெல்லிய ரீங்காரம் நிற்காமல் கேட்டால் உள்ளே தட்டு சுழல்கிறது, நல்ல சேதி. ‘டிக்... டிக்... டிக்’ என்று ஒரே சீராகத் தட்டுகிற சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். உள்ளே ஹெட், அதாவது தட்டிலிருந்து படிக்கும் முனை, பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு முறை செருகும்போதும் தட்டில் கீறல் விழலாம். அந்தப் படங்கள் உங்களுக்கு வேண்டுமென்றால் டேட்டா ரிகவரி செய்பவரிடம்தான் போக வேண்டும். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். தயவு செய்து செய்யாதீர்கள், வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும். எஸ்எஸ்டி என்றால் உள்ளே சுழலும் தட்டே கிடையாது, எப்போதுமே சத்தம் வராது, அதற்கு இந்தச் சோதனை பொருந்தாது.

என் டிஸ்க்கில் வந்தது வேறு மாதிரி. சுழல ஆரம்பிக்கும், நின்றுவிடும். மறுபடி ஆரம்பிக்கும், நின்றுவிடும். இது பெரும்பாலும் கரண்ட் போதாத குறி. நான் அதை யூஎஸ்பி ஹப், அதாவது ஒரு போர்ட்டைப் பலதாகப் பிரிக்கும் பெட்டி, வழியாகச் செருகியிருந்தேன். பழைய யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 3.0 தருவது 900. தட்டு நிற்கிற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும்போதுதான் டிஸ்க்குக்கு அதிகக் கரண்ட் வேண்டும். அதனால் ஹப்பை விட்டுவிட்டு நேராக லேப்டாப்பில் செருகுங்கள். டெஸ்க்டாப் என்றால் கேபினெட்டின் பின்பக்க போர்ட் நல்லது, அது மதர்போர்டிலேயே இருப்பது.

நேராகச் செருகியும் எனக்கு அப்படியேதான் இருந்தது. அடுத்த சந்தேகம் கேபிள். இதோ, கேமரா பக்கத்தில் காட்டுகிறேன். டிஸ்க்கில் செருகும் முனை அகலமாக, நடுவில் ஒரு பள்ளத்தோடு இரண்டு பகுதியாக இருக்கிறது, தெரிகிறதா? இதில் பெரிய பகுதி நம் பழைய ஆண்ட்ராய்டு போனின் சார்ஜர் முனையேதான். அந்த மைக்ரோ யூஎஸ்பி கேபிள் இந்தப் பெரிய பாதியில் சரியாக உட்காரும். புதுக் கேபிள் வாங்கப் போகும் முன் வீட்டிலேயே இப்படிச் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் சில கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும். போனிலிருந்து கணினிக்குப் படம் மாற்றப் பயன்பட்ட கேபிளாக எடுங்கள்.

மாற்றிச் செருகியதும் ரீங்காரம் நிலைத்தது, விளக்கும் எரிந்தது. ஆனால் ‘திஸ் பிசி’யில் மட்டும் டிஸ்க் இல்லை.

சரி, இப்போது விண்டோஸ் பக்கம் போவோம். ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்து ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ திறங்கள். ‘இனிஷியலைஸ் டிஸ்க்’ என்று ஒரு பெட்டி வந்தால் கேன்சல் கொடுங்கள். ஓகே கொடுத்தால் உங்கள் பழைய பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்து வைத்திருக்கும் பகுதி) விவரத்தின் மேலேயே புதிதாக எழுதிவிடும். ‘ஃபார்மேட் செய்யவா’ என்று கேட்டாலும் அதே பதில்தான். கல்யாண வீடியோ எடுத்தவர் மேக்கில் ஃபார்மேட் செய்து கொடுத்த டிஸ்க்கைச் செருகினால்கூட விண்டோஸ் இப்படிக் கேட்கும். டிஸ்க்கில் ஒரு குறையும் இருக்காது, விண்டோஸுக்குப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஒரு மேக்கில் செருகிப் பாருங்கள்.

எனக்கு அங்கே ‘ஹெல்தி’ என்றே காட்டியது. ஆபீஸ் வேலைக்காக ஒரு நெட்வொர்க் டிரைவ் இணைத்திருந்தேன், டிஸ்க்குக்கு விண்டோஸ் தந்திருந்த எழுத்தை (E:, F: மாதிரி) அது எடுத்துக்கொண்டது. பார்ட்டிஷன் மேல் ரைட் கிளிக், ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்’, வேறொரு எழுத்து. உடனே ஃபோல்டர்கள் எல்லாம் வந்து நின்றன.

அங்கே ‘ரா’ (RAW) என்று காட்டினால் விஷயம் வேறு, பார்ட்டிஷனில் இருப்பதை விண்டோஸால் படிக்க முடியவில்லை என்று அர்த்தம். விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் சரிசெய்யும் கருவியான செக்டிஸ்க்கை உடனே ஓட்டாதீர்கள். டிஸ்க் பலவீனமாக இருந்தால் அதன் ‘சரிசெய்தல்’ இருப்பதையும் குலைத்துவிடலாம். முதலில் முழு டிஸ்க்கையும் இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். அப்புறம் ‘டெஸ்ட்டிஸ்க்’ என்ற இலவச மென்பொருளை அந்த நகலின் மேல் ஓட்டுங்கள், தொலைந்த பார்ட்டிஷனைத் தேடித் தரும்.

நான் அந்தப் போன் கேபிளை அசைக்காமல் அப்படியே விட்டு, 300 ஜிபியையும் வேறு டிஸ்க்குக்கு மாற்றினேன். போன் கேபிளில் யூஎஸ்பி 2.0 வேகம்தான் கிடைக்கும் என்பதால் நொடிக்கு 35 எம்பி, கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம். முடிந்ததும் திறந்த முதல் படம், அப்பா அம்மாவுக்கு மாலை போடுகிற படம். அப்புறம்தான் சாப்பிடப் போனேன்.

உங்கள் டிஸ்க்கில் என்ன சத்தம் வருகிறது, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் என்ன காட்டுகிறது, இந்த இரண்டையும் கீழே எழுதுங்கள். பார்த்துப் பதில் சொல்கிறேன்.