அலங்கார மென்பொருள்களை நிறுத்துபவர்கள் இயங்குதள நிறுவனங்களே

நடுவர் அவர்களுக்கும் எதிரணி நண்பர்களுக்கும் அவையோருக்கும் என் வணக்கம்.

கணினித் திரையின் தோற்றத்தை மாற்றிக்கொள்ள மக்கள் விரும்பிப் பயன்படுத்திய டெஸ்க்டாப் அலங்கார மென்பொருள்கள் நின்றுபோவதற்குப் பெரிதும் காரணம் காசு கொடுக்காத பயனர்களே என்று எதிரணியினர் வாதிட்டு அமர்ந்திருக்கிறார்கள். விண்டோஸ், மேக் போன்ற இயங்குதளங்களை உருவாக்கி, இத்தகைய மென்பொருள்களுக்குக் கதவை அடைக்கும் நிறுவனங்களே காரணம் என்பது எங்கள் கட்சி. எதிரணித் தலைவர் தம் வாதத்துக்குத் தூணாக நிறுத்தியது கிளாசிக் ஷெல் என்ற மென்பொருளை. ஆகவே நானும் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

விண்டோஸில் நிரல்களைத் திறக்கும் பட்டியலான ஸ்டார்ட் மெனுவைப் பழைய வடிவில் தருவதற்காக, இவோ பெல்ட்செவ் என்ற நிரலர் 2009இல் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. 2012இல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் மெனுவையே எடுத்துவிட்டபோது, பழகிய திரையை இழந்து தவித்தவர்களுக்கு அதுதான் கைகொடுத்தது. 2017 டிசம்பரில் அவர் அதன் உருவாக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தார். நேரமில்லை என்று அவரே சொல்லிவிட்டார், ஊதியமில்லாத உழைப்பு எத்தனை நாள் நிற்கும் என்று எதிரணித் தலைவர் கேட்டார். நடுவர் அவர்களே, அந்த அறிவிப்பில் நேரமின்மை ஒரு காரணம் மட்டுமே. விண்டோஸ் 10 அப்போது ஆண்டுக்கு இருமுறை புதுப்பிக்கப்பட்டுவந்தது, ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று உடையக்கூடும் என்பது அவர் சொன்ன இன்னொரு காரணம். விண்டோஸுக்கு நிரல் எழுதும் பழைய முறையான வின்32இலிருந்து விண்டோஸ் பதிப்புக்குப் பதிப்பு விலகிச் செல்வதால் முன்போல் திரையை மாற்றியமைப்பது கடினமாகிவருகிறது என்பது மற்றொன்று. மூன்றில் இரண்டு காரணங்கள் இயங்குதளத்தின் வாசலில் போய் நிற்கின்றன. மூன்றாவதான நேரமின்மையும் அந்த இரண்டிலிருந்து முற்றிலும் தனித்தது என்று என்னால் ஏற்க முடியவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்த வேலையையே திரும்பச் செய்யவேண்டியவருக்கு நேரம் எங்கிருந்து மிஞ்சும்?

ஏன் திரும்பச் செய்யவேண்டியிருக்கிறது என்பதை அவை சற்றே பொறுமையுடன் கேட்கவேண்டும், ஏனெனில் இந்த வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கணக்கெழுதும் மென்பொருள் ஒன்று, இயங்குதள நிறுவனம் ஆவணத்தில் எழுதி வாக்களித்த வசதிகளை மட்டுமே பயன்படுத்துகிறது. அந்த வாக்கு காப்பாற்றப்படும்வரை பத்தாண்டு கழித்தும் அது ஓடும். திரையின் அடியிலுள்ள டாஸ்க்பாரையும் ஸ்டார்ட் மெனுவையும் சாளரத்தின் விளிம்பையும் மாற்ற நினைக்கும் மென்பொருளுக்கோ பெரும்பாலும் அப்படியொரு வாக்குறுதியே கிடையாது. அது எக்ஸ்ப்ளோரர் போன்ற விண்டோஸின் சொந்த நிரல்களுக்குள் நுழைந்து, எந்த ஆவணத்திலும் இல்லாத உட்கூறுகளைத் தானே தேடிக் கண்டுபிடித்து, அவற்றின் அழைப்புகளை இடைமறித்து, தான் வரைந்ததை அங்கே காட்டவேண்டியிருக்கிறது. அடுத்த புதுப்பிப்பில் அந்த உட்கூறு இடம் மாறினால், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், பல மாத உழைப்பு ஒரே இரவில் வீணாகிறது.

இது தொழில்நுட்பத்தின் இயல்பு, யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல என்று சிலர் சொல்லக்கூடும். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். திரையின் தோற்றத்தை மொத்தமாக மாற்றும் தீம்களை ஏற்றுக்கொள்ளும் திறன் அந்த இயங்குதளத்திலேயே இருந்தது. ஆனால் மைக்ரோசாஃப்ட் டிஜிட்டல் கையொப்பமிட்ட தீம்களை மட்டுமே ஏற்கும்படி அதன் கோப்பு ஒன்று சரிபார்த்தது. தம் கையால் வரைந்த தீமைத் தம் கணினியில் போட்டுப் பார்க்க விரும்பியவர்கள், அந்தக் கோப்பையே திருத்தியமைக்கும் கருவிகளைத் தேடிப் போகவேண்டியிருந்தது. சர்வீஸ் பேக் என்ற பெரிய புதுப்பிப்பு வந்து கோப்பு மாறியதும் கருவியும் பயனற்றுப்போகும். வழி இருந்தது, பூட்டும் போடப்பட்டது. இதை இயல்பு என்று என்னால் சொல்ல முடியாது.

அடுத்து, காசு. பயனர்கள் கொடுத்தார்கள், நடுவர் அவர்களே. 2003இல் மேக் கணினிகளுக்காக வெளிவந்த கான்ஃபாபுலேட்டர் விலைக்கு விற்கப்பட்ட மென்பொருள்தான். வானிலை, கடிகாரம், நாட்காட்டி என்று சின்னஞ்சிறு விட்ஜெட்களைத் திரையில் அழகாக நிறுத்தியதற்காகவே மக்கள் அதை வாங்கினார்கள். 2004 ஜூனில் மேக்கைத் தயாரிக்கும் ஆப்பிள், அதேபோல் விட்ஜெட்களைக் காட்டும் தன் டாஷ்போர்டை அறிவித்தது. 2005 ஏப்ரலில் மேக் இயங்குதளத்தின் டைகர் பதிப்புடன் அது இலவசமாகவே வந்து சேர்ந்தது. சில மாதங்களில் கான்ஃபாபுலேட்டரை யாஹூ வாங்கி, எல்லாருக்கும் இலவசமாக்கி, 2012இல் நிறுத்தியது. விட்ஜெட் என்ற எண்ணம் 1984ஆம் ஆண்டு மேக்கிலேயே டெஸ்க் ஆக்சஸரி என்ற பெயரில் இருந்தது என்பார்கள். இருக்கட்டும், எண்ணத்தின் உரிமையைப் பற்றியதல்ல இந்த வழக்கு. காசு கொடுக்க ஆளிருந்த சந்தையை இயங்குதளமே இலவசமாக நிரப்பியது, பிறகு 2019இல் கேட்டலினா பதிப்பில் அந்த டாஷ்போர்டையும் நீக்கிவிட்டது. தனி நிரலர்கள் உருவாக்கியதும் போயிற்று, அதன் இடத்துக்கு வந்ததும் போயிற்று. இதில் பயனரின் கஞ்சத்தனம் எந்த இடத்தில் வருகிறது என்று எதிரணி காட்டவேண்டும்.

 

எதிரணி வாதங்களில் எனக்கு உண்மையிலேயே கனமாகப் பட்டது, பாதுகாப்புக்காகவே நிறுவனங்கள் கதவை அடைக்கின்றன என்ற வாதம். பிற நிரல்களுக்குள் நுழையும் மென்பொருள் ஆபத்தாகலாம் என்பதை நான் மறுக்கவில்லை. 2007இல் மேக்கின் லெப்பர்ட் பதிப்புக்கு மாறியவர்களில் சிலர், அன்சானிட்டி நிறுவனத்தின், பிற நிரல்களுக்குள் நுழையும் பழைய நீட்சி ஒன்று உள்ளே இருந்ததால், வெறும் நீலத் திரையோடு நின்றுபோனார்கள். விண்டோஸ் விஸ்டாவோடு வந்த கேட்ஜெட் என்ற விட்ஜெட்களில் பாதுகாப்புக் குறை இருப்பதாகச் சொல்லி, 2012 ஜூலையில் மைக்ரோசாஃப்டே அவற்றை முடக்கச் சொன்னது. ஆனால் கேட்ஜெட் என்பது மைக்ரோசாஃப்ட் தானே கட்டிய மேடை. அதில் குறை வந்தபோது மேடையைச் செப்பனிடும் பொறுப்பும் அதற்கே இருந்தது. செப்பனிடாமல், விண்டோஸ் 8இல் மேடையையே எடுத்துவிட்டது. பாதுகாப்பான வழி ஒன்றை அமைத்துத் தந்தபின் மற்ற வழிகளை மூடினால் அதைப் பாதுகாப்பு என்று நானும் ஒப்புக்கொள்வேன். வழியே தராமல் மூடுவதற்கு அந்தப் பெயரைத் தர எனக்கு மனம் ஒப்பவில்லை.

கடைசியாக, எதிரணி பேசாமல் விட்ட ரெயின்மீட்டரைப் பற்றிச் சொல்லவேண்டும். விண்டோஸ் திரையில் கடிகாரம், வானிலை போன்றவற்றைக் காட்டுவது அது; 2001இல் தொடங்கியது, முழுக்க இலவசம், மூலநிரல் எவருக்கும் திறந்திருக்கும் திறமூலம், தன்னார்வலர்கள் காக்கும் மென்பொருள். பயனர் காசு கொடுக்காததால்தான் மென்பொருள்கள் மடிகின்றன என்றால் முதலில் மடிந்திருக்கவேண்டியது இதுதான். இருபது ஆண்டுகளைத் தாண்டியும் அது உயிரோடு இருப்பதற்கு என்ன காரணம்? டாஸ்க்பாரையோ ஸ்டார்ட் மெனுவையோ அது உடைத்துத் திருத்துவதில்லை. திரையின்மேல் தன் சொந்தச் சாளரங்களைத் திறந்து, ஆவணப்படுத்தப்பட்ட வசதிகளைக் கொண்டு அவற்றில் வரைகிறது. அதன் கால் வாக்களிக்கப்பட்ட நிலத்தில் நிற்கிறது. சாளரங்களின் தோற்றத்தை மாற்றும், விலைக்கு விற்கப்படும் விண்டோபிளைண்ட்ஸ் நிலைத்திருக்கிறதே என்று எதிரணி திருப்பிக் கேட்கலாம். ஸ்டார்டாக் என்ற நிறுவனம் அதன் பின்னால் நிற்கிறது. காசு அந்த நிறுவனத்துக்கு மாற்றங்களைத் துரத்திப் பிடிக்கும் தெம்பைக் கொடுக்கிறது. துரத்தவேண்டிய நிலையை உண்டாக்கியவர் யார் என்பதே நம் முன் உள்ள கேள்வி.

பெல்ட்செவ் விலகும்போது கிளாசிக் ஷெல்லின் மூலநிரலை வெளியிட்டுச் சென்றார். தன்னார்வலர்கள் அதை எடுத்து ஓப்பன் ஷெல் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். ஆள் மாறினார், ஆர்வம் குறையவில்லை. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 புதிதாக எழுதப்பட்ட டாஸ்க்பாருடன் வந்து, அதைத் திரையின் பக்கவாட்டுக்கு நகர்த்தும் பழைய வசதியைக்கூட நீக்கியபோது, பழையதை நம்பி எழுதப்பட்டவற்றில் பலவற்றை மறுபடி திருத்தவேண்டியதாயிற்று. ரெயின்மீட்டர் பயனரும் காசு கொடுக்கவில்லை, கிளாசிக் ஷெல் பயனரும் காசு கொடுக்கவில்லை. ஒன்று நிலைத்து மற்றொன்று நின்றதற்குப் பயனர் எப்படிக் காரணமாவார் என்பதை எதிரணியின் அடுத்த பேச்சாளர் விளக்கட்டும். நன்றி, வணக்கம்.