சின்னப் பொட்டலம்

அனைவருக்கும் வணக்கம்.

மரபணு மாற்றுப் பயிர் என்று ஆரம்பித்தாலே மேடை இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறது. ஒருவருக்கு அது விஷம், இன்னொருவருக்கு அமுதம். அந்தச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்வோம். நான் ஒரு பொட்டலத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

2002-ல் பிடி பருத்திக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்தது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்து, காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே உருவாக்கும்படி செய்த பருத்தி அது. அப்போது விதை வாங்கினால் 450 கிராம் பிடி விதை, கூடவே 120 கிராமில் சாதாரணப் பருத்தி விதை ஒரு சின்னப் பொட்டலம். அதை வயலைச் சுற்றி ஐந்து வரிசையாவது, அல்லது பரப்பில் 20 சதவீதமாவது, எது அதிகமோ அந்த அளவு விதைக்க வேண்டும் என்பது அன்றைய விதி. பிடி செடியைத் தின்று தப்பிப் பிழைக்கிற புழுக்கள் அந்துப்பூச்சியாகித் தங்களுக்குள்ளேயே கூடினால், பிறப்பவை எல்லாம் நஞ்சைத் தாங்கும். பக்கத்துச் சாதாரணச் செடியில் வளர்ந்த அந்துப்பூச்சிகளோடு கலந்தால் அந்தத் திறன் பரவுவது தள்ளிப்போகும். யோசனை என்னவோ நல்ல யோசனைதான்.

ஆனால் ஒரு ஏக்கர்காரரிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். கடன் வாங்கி விதைத்த நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் புழுவுக்கு விடச் சொன்னோம். பல இடங்களில் அந்தப் பொட்டலம் வரப்போரமே கிடந்தது. ஆரம்ப வருடங்களில் பச்சைக் காய்ப்புழு அடங்கியது உண்மை, மருந்துச் செலவு குறைந்ததும் உண்மை. ஆனால் 2010-ல், குஜராத்தின் சில மாவட்டங்களில் ஒற்றை மரபணு விதைக்கு இளஞ்சிவப்புக் காய்ப்புழு பழகிவிட்டது என்று தொழில்நுட்பத்தைக் கொடுத்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. பொட்டலம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். பருவம் முடிந்த பிறகும் பருத்தியை மாதக்கணக்கில் வயலிலேயே நிற்கவிட்டதற்கும் பங்கு உண்டு. உடனே 'விவசாயிக்கு விழிப்புணர்வு போதாது' என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவருக்குக் கணக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. விதி எழுதியவர்கள்தான் ஒரு ஏக்கர் எவ்வளவு பெரியது என்று அவரிடம் கேட்கவில்லை.

அப்புறம் கத்தரி வந்தது. கத்தரித் தோட்டத்தில் ஒரு கொழுந்து மட்டும் வாடித் தலை சாய்ந்திருந்தால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். காயில் அது நுழைந்த ஓட்டை குண்டூசி முனை அளவுதான் இருக்கும், அதையும் தன் எச்சத்தாலேயே அடைத்துவிடும். உள்ளே போனதற்கு மருந்து எட்டாது. அதனால்தான் திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். இதற்குத் தீர்வு என்று வந்த பிடி கத்தரிக்கு 2009 அக்டோபரில் மத்திய அரசின் ஒப்புதல் குழு பச்சைக்கொடி காட்டியது. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டார். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துக்கு இந்த ஆராய்ச்சியில் பங்கு உண்டு. ஆனால் அந்த ஏழில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட இல்லை! 2010 பிப்ரவரி 9 அன்று அவர் அதை நிறுத்தி வைத்தார்.

அந்தக் கூட்டங்கள் நடந்ததே பெரிய விஷயம் என்பேன். ஆனால் அங்கே கேட்கப்பட்டது 'வேண்டுமா, வேண்டாமா' என்கிற ஒரே கேள்வி. விதை தயாராகிக் கதவருகே வந்து நின்ற பிறகு அதைத் தவிர வேறு என்ன கேட்க முடியும்?

கேள்வியையே மாற்றிப் பார்த்த ஒரு முயற்சி 2001 ஜூனில் நடந்தது. அன்றைய ஆந்திரத்தின் மேடக் மாவட்டத்தில் அல்கோல் என்ற இடம். பெயர் 'பிரஜா தீர்ப்பு'. 19 பேர் தீர்ப்பாளர்கள், பெரும்பாலோர் சிறு, குறு விவசாயிகள், பெண்கள்தான் அதிகம். அதிகாரிகளும் நிபுணர்களும் சாட்சிக் கூண்டில் நிற்க, விவசாயிகள் குறுக்கு விசாரணை செய்தார்கள். முன்னால் வைக்கப்பட்டவை மூன்று எதிர்காலங்கள். ஒன்று, மாநில அரசின் 'விஷன் 2020'. அதன்படி நிலத்தை நம்பி வாழ்வோர் 70 சதவீதத்திலிருந்து 40-க்கு இறங்க வேண்டும். இரண்டாவது, ஏற்றுமதிக்கான இயற்கை விவசாயம். மூன்றாவது, ஊர் தன் காலிலேயே நிற்கிற வழி. மரபணு மாற்றுப் பயிர் வேண்டாம் என்றார்கள். கூடவே, ஆட்களின் வேலையைப் பறிக்கும் இயந்திரம் வேண்டாம், ஒப்பந்த விவசாயம் வேண்டாம் என்றும் சொன்னார்கள். விதையை மட்டும் தனியாகப் பிரித்துப் பேச அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அந்த அவை ஒருபக்கம் சாய்ந்தது என்று பிரிட்டன் அரசின் வெளிநாட்டு உதவித் துறை குறைப்பட்டுக்கொண்டது. சரி, விவாதிக்க வேண்டிய குறைதான். ஆனால் ஏசி அறையில் கூடும் நிபுணர் குழு எந்தப் பக்கமும் சாயாமல் உட்கார்ந்திருக்கிறதா என்ன?

2024 ஜூலையில் மரபணு மாற்றுக் கடுகு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் வேறுபட்ட தீர்ப்புத் தந்தார்கள். ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: தேசியக் கொள்கை வேண்டும், அதை விவசாயிகளின் பிரதிநிதிகளையும் கலந்து வகுக்க வேண்டும். கலப்பது என்றால் எப்படி? நடவு நேரத்தில் தலைநகரில் கூட்டம் வைத்து, ஆங்கிலத்தில் நூறு பக்க அறிக்கையைக் கையில் கொடுத்தால் யார் வருவார்கள்? அறுவடை முடிந்து ஊரிலேயே வைக்க வேண்டும், வருகிறவருக்கு அன்றைய கூலி தர வேண்டும், எந்த நிபுணரைக் கூப்பிடுவது என்பதையும் அவர்களே சொல்ல வேண்டும்.

எனக்குத் தந்த நேரம் முடிந்தது. அடுத்துப் பேசுபவர் இரண்டு ஏக்கரில் பருத்தி போடுகிறவர். அந்தச் சின்னப் பொட்டலத்தை என்ன செய்தார் என்று அவரே சொல்லட்டும்.